இருமலை மறைத்த ராஜினாமாக் கடிதம்

படம் போடுகிறவர் இஞ்சினியர். அந்தப் படத்தை நூறு பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவன் நகல் அறைக்காரன். எழுபதுகளின் தொடக்கத்தில், ஸ்டுட்கார்ட்டில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில், நாலு வருஷம் நான் நகல் அறைக்காரனாக இருந்தேன். மேலதிகாரி மனம் கோணக்கூடாது என்று பொய்க் காரணம் எழுதி வேலையை விட்ட புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

ஒரு நிமிஷ விருந்தாளிகள்

அந்தக் காலத்து நகல் இயந்திரத்துக்கு அமோனியா ஆவி வேண்டும். ஆவி பட்டால்தான் தாளில் கோடு எழும்பும். படம் வாங்க வருகிறவர்கள் வாசலிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வந்து, கையெழுத்துப் போட்டு, தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுவார்கள். காலை வணக்கம் சொல்லக்கூட வாயைத் திறக்க மாட்டார்கள். என் நிறம்தான் இவர்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முதல் மாதம் முழுக்க வருத்தப்பட்டேன்.

வரைபடக் கூடத்தில் வேலை பார்த்த ஃப்ராவ் லாங்கே என்ற அம்மாள் ஒரு நாள் நடைபாதையில் என்னை நிறுத்தினார். "எங்களால் அங்கே ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. நீங்கள் எட்டு மணி நேரம் நிற்கிறீர்கள். உங்கள் மூக்கை எந்தத் தொழிற்சாலையில் செய்தார்கள்?"

இரண்டு தடவை கேட்டேன்

மூக்கு தாங்கியது, மார்பு தாங்கவில்லை. நாலாம் வருஷம் இருமல் பிடித்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, ஜன்னல் வழியே ஏதோ ரசிப்பதுபோல் மூச்சு வாங்குவேன். டாக்டர் சோதித்துவிட்டு, அந்த அறையை விட்டால்தான் குணமாகும் என்று எழுதியே கொடுத்தார்.

எங்கள் ஃபோர்மன் ஹெர் வைஸிடம் வேறு வேலை கேட்டேன். தங்கமான மனிதர். ஊருக்கு வந்த புதிதில் எனக்கு அறை பார்த்துக் கொடுத்தவர். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு, நான் மாமிசம் சாப்பிட மாட்டேன் என்பதற்காக மனைவியிடம் சொல்லி உருளைக்கிழங்கில் மட்டும் மூன்று விதம் செய்ய வைத்தவர். அவரிடம் முதல் தடவை கேட்டபோது தோளைத் தட்டினார். மாதம் ஒன்று கழித்து மறுபடி கேட்டபோது சொன்னார்: "அடுத்த வருஷம் பார்க்கலாம். நீங்கள் வந்துவிட்டால் அந்த அறைக்கு நான் யாரை அனுப்புவது?"

பொன்னாட்கள்

அடுத்த வருஷம் வரை மார்பு காத்திருக்காது. ராஜினாமா எழுத உட்கார்ந்தேன். ஜெர்மன்காரன் ராஜினாமா இரண்டு வரி. எனக்கு அது கை வருமா? நம் ஊரில் லீவு லெட்டருக்கே 'தாங்கள் தயவுகூர்ந்து' போட்டு வளர்ந்த கை. அதோடு, மூன்று வித உருளைக்கிழங்கு போட்ட மனிதரிடம் 'உங்கள் அறை என் நுரையீரலைக் கெடுத்துவிட்டது' என்று எப்படி எழுதுவது?

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சொந்தக் காரணங்களை முன்னிட்டு விலகுவதாகவும், அந்த அறையில் கழித்தவை என் வாழ்வின் பொன்னாட்கள் என்றும், இப்படி ஒரு சூழலில் வேலை பார்க்க எல்லோருக்கும் கொடுத்துவைக்காது என்றும் எழுதினேன். கடைசி வரி உண்மைதான். கடிதத்தை வாங்கிப் படித்த ஆபீஸ் செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனிதர் எதற்காகப் போகிறார்?"

ஞாயிற்றுக்கிழமை வழக்கு

வேலை போய்விட்டது, வேறு வேலை கையில் இல்லை. வேலையில்லாக் காலப் பணத்துக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்பது ஞாயிறன்று என் அறையில் வழக்காக நடந்தது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வெங்கட்ராமன் எதிர்க்கட்சி. "நாமளே ரிசைன் பண்ணிட்டு, நாமளே போய் கவர்மெண்ட் முன்னாடி கை நீட்டறதா? செல்ஃப் ரெஸ்பெக்ட்னு ஒண்ணு வேண்டாமா? நாளைக்கு விசா ரெனியூ பண்றப்ப கேட்டா என்னடா சொல்வே?"

ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துச் சிவஞானம் அண்ணன் அதுவரை டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் வெங்கட்ராமன் சொன்னதுதான் சரியென்று பட ஆரம்பித்திருந்தது. அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி, நாலு வருஷமா உங்கடை சம்பளத்திலை மாதா மாதம் பிடிச்சவங்கள்தானே? அது காப்புறுதி, இன்சூரன்ஸ், பிச்சை இல்லை. வெக்கப்பட ஒண்டும் இல்லை. நாளைக்கே போய் அன்ட்ராக் விண்ணப்பத்தை நிரப்பிக் குடுங்கோ."

எது பொய்?

மறுநாள் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். என் நன்னடத்தைக்குச் சாட்சியாக ராஜினாமாக் கடிதத்தின் கார்பன் பிரதியை நானே பெருமையாகக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். இந்தப் புத்திசாலித்தனத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மையார் பொறுமையாக விளக்கினார். தானாக வேலையை விட்டவர்களுக்கு முதல் நாலு வாரம் பணம் கிடையாது; விடுவதற்குத் தக்க காரணம் இருந்தால் மட்டும் உண்டு. நான் டாக்டர் சீட்டை நீட்டினேன், இரண்டு தடவை வேறு வேலை கேட்டதையும் சொன்னேன். அப்படியானால் ஃபோர்மனிடம் எழுதிக் கேட்கிறேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தயவுசெய்து அவரைக் கேட்காதீர்கள், பாவம், வருத்தப்படுவார் என்று கெஞ்சினேன். அம்மையார் ஒரு கையில் கடிதத்தையும் மறு கையில் டாக்டர் சீட்டையும் எடுத்துக்கொண்டார். "ஒன்று, இந்தப் பொன்னாட்கள் பொய். இல்லையென்றால் இந்த இருமல் பொய். எதை நான் எழுதிக்கொள்ளட்டும்?"

மதிய இடைவேளை

பொன்னாட்கள்தான் பொய் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஆனால் அலுவலகத்துக் கடிதம் போய் ஹெர் வைஸ் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மதிய இடைவேளையில் தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன். அவர் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தார். உங்கள்மேல் புகார் சொல்லிவிட்டேன் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "நீங்கள் கேட்டீர்கள், நான் மறுத்தேன். அவர்கள் கேட்டால் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்" என்று சாதாரணமாகச் சொன்னார். இதற்காகவா நான் இவ்வளவு பயந்தேன்!

ஆனால் அவர் ரொட்டியைப் பிரிக்கவில்லை. அந்த அறைக்குக் காற்றை வெளியே இழுக்கிற விசிறி வேண்டும் என்று மேலிடத்துக்கு மூன்று தடவை எழுதியிருந்தாராம். நாலாம் தடவை கேட்டபோது, அவர்கள் என் கடிதத்தை எடுத்துக் காட்டி, அங்கே வேலை பார்த்தவரே இப்படி எழுதியிருக்கிறாரே என்று கோப்பை மூடிவிட்டார்களாம். இப்போது என் இடத்தில் துருக்கியிலிருந்து வந்த ஒருவர் நிற்கிறார். அவருக்கும் இருமல்.

எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு நல்ல மனிதரை நோகடிக்கக்கூடாது என்று நான் எழுதியது, எனக்கு முகமே தெரியாத ஒருவரின் மார்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. பேனாவை வாங்கி, அவருடைய ரொட்டி சுற்றிய காகிதத்தைக் கிழித்து, அங்கேயே நின்றபடி எழுதினேன்: 'அந்த அறையில் மூச்சுவிட முடியவில்லை. அதனால்தான் போனேன்.' ஹெர் வைஸ் அதை ஒரு தடவைதான் படித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நாலு வருஷத்தில் இன்றைக்குத்தான் நீங்கள் என்னிடம் ஒரு விஷயத்தை உள்ளபடி சொல்லியிருக்கிறீர்கள்."

இரண்டு மாதத்தில் அங்கே விசிறி மாட்டினார்கள். அந்த நாலு வாரப் பணத்தையும் நான் ஒரு நாள் விடாமல் வாங்கினேன், மரியாதைக்காகச் சொல்லும் பொய்க்கும் அபராதம் போடலாம் என்று நல்லவேளையாக அந்த ஊர்ச் சட்டத்துக்கு இன்னும் தோன்றியிருக்கவில்லை.