அமலம்மாள் வீட்டுச் சாப்பாடு

மீன்காரர்கள் பலகையைக் கழுவத் தண்ணீர் மொள்ளும் நேரத்தில்தான் அமலம்மாள் பசாருக்குள் நுழைவாள். காலையில் வந்தால் அவர்கள் சொல்வதுதான் விலை. பதினொன்றரை மணிக்கு வெயில் ஏறிவிட்டால் இவள் சொல்வது எடுபடும்.

"நூர் முகம்மது அண்ணே, அந்தத் தலையெல்லாம் பூனைக்கா போடப் போறீங்க?"

"பூனைக்குத்தான் லா. ஒங்களுக்குன்னா காசு."

"அப்ப என்னையும் ஒரு பூனைன்னு நெனச்சுக்குங்க."

அவர் சிரித்துக்கொண்டே இலையில் சுருட்டிக் கொடுப்பார். இறால் விற்கும் சீனனிடம் உரித்துப் போட்ட தலைகளைக் கேட்டு வாங்குவாள். அரிசிக் கடையில் மூட்டையின் அடியில் தங்கிய நொய். பரங்கிக்காய்க் கீற்று வாங்கினால் பக்கத்தில் சீவிப் போட்ட தோலையும் அள்ளிக்கொள்வாள். இருபது காசுக்குள் கூடை நிறைந்துவிடும்.

சுங்கை பினாங் ஆற்றோரத்தில், அத்தாப்பு ஓலை வேய்ந்த வரிசையில் அவள் வீடு மூன்றாவது, என்னுடையது நான்காவது. ஆற்றுச் சேற்றில் தானாக முளைக்கும் கங்கோங் கீரையைப் பறித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போவாள். இறால் தலைகளை இடித்துப் பிழிந்த சாற்றில் அவள் வைக்கும் ரசத்தின் மணம் என் வீட்டுச் சட்டியைத் தலைகுனிய வைக்கும். பரங்கித் தோல் துவையலாகும். தேங்காயை மூன்று முறை பிழிவாள். எஞ்சிய சக்கையும் வீணாகாது. மிளகாயோடும் கருவாட்டுத் தூளோடும் வறுபட்டு, மறுநாள் கஞ்சிக்குத் தொடுகறியாகிவிடும்.

கணவர் பெர்னார்ட் துறைமுகக் கிடங்கொன்றில் கணக்கெழுதும் கிராணி. ரப்பர் விலை விழுந்த வருடம் அவர் சம்பளத்தைப் பாதியாக வெட்டினார்கள். "சம்பளம் பாதியாச்சு. வயிறு பாதியாகலையே" என்பாள் அமலம்மாள். அதோடு நிறுத்த மாட்டாள். "எங்க வீட்டுல யாரும் அரை வயித்தோட எந்திரிச்சதில்ல லா!"

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லிக் கேட்டு ஒன்றரை வருடம் ஆகிறது.

மூத்தவள் லீனாவுக்கு அப்போது பத்து வயது. அவளுக்குக் கீழே ஆர்தர், ஹென்றி என்று இரண்டு தம்பிகள். ஒரு நாள் அமலம்மாள் கீரை பறிக்கப் போனவள், கத்தியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அடுக்களையில் லீனா தன் தட்டுச் சோற்றைத் தம்பிகளின் தட்டுகளில் பங்கு பிரித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். மிஞ்சிய ரசத்தை மட்டும் உறிஞ்சிக் குடித்துவிட்டுத் தட்டைக் கழுவினாள். அம்மா பார்த்தது அவளுக்குத் தெரியாது. அன்று மாலை மகளுக்குத் தலை பின்னும்போது அமலம்மாள் அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். வளையல் முழங்கைவரை தடையில்லாமல் ஏறியது.

தைப்பிங்கில் பெர்னார்டின் அக்கா ரீத்தா இருக்கிறாள். அவள் கணவருக்கு ரயிலில் வேலை, குழந்தை இல்லை. லீனாவைத் தன்னிடம் விடச் சொல்லி வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாரமே அமலம்மாள் மகளை அனுப்பிவிட்டாள். காரணத்தை லீனாவிடம் சொல்லவில்லை.

மாதம் ஒரு கடிதம் வரும். அமலம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. கணவர் வரும்வரை பொறுக்கவும் முடியாது. ஈரக் கையோடு என் வாசலுக்கு வந்து நிற்பாள். 'நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்' என்று ஒவ்வொரு கடிதத்திலும் லீனா எழுதுவாள்.

"என்ன சாப்பிட்டான்னு எழுதியிருக்காளா?"

"இல்லைங்க."

"இன்னொரு தடவை பாருங்களேன், ஓரத்துல ஏதாச்சும் எழுதியிருப்பா."

கணவாய் மீன் என்றால் லீனாவுக்கு உயிர். அவள் போன பிறகு அமலம்மாள் கணவாய் வாங்கவில்லை. நூர் முகம்மது அள்ளிக் காட்டி விலை குறைத்தாலும், "வேணாண்ணே, சாப்பிட ஆளில்ல" என்று நகர்ந்துவிடுவாள்.

சென்ற கிறிஸ்துமஸுக்கு ரீத்தா லீனாவை அழைத்து வந்தாள். அன்று பகல் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். தேங்காய்ப்பால் விட்ட கணவாய்க் கறி. லீனா இரண்டு துண்டு தின்றுவிட்டு மீதியைத் தட்டோரம் ஒதுக்கினாள்.

"என்னடி, புடிக்கலையா?"

"தம்பிங்க சாப்பிடட்டும்மா. நான் அங்க தெனமும் சாப்பிடுறேன்ல."

"அது வேற, இது வேற. சாப்பிடு."

லீனா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் நெறையச் சாப்பிடுறேன்னுதானேம்மா அனுப்பி வச்சீங்க?"

பெர்னார்டின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. ரீத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அமலம்மாள் அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டு மகளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நெறையச் சாப்பிட்டேன்னு இல்லடி. நீ சாப்பிடலைன்னுதான் அனுப்புனேன். ஒன் சோத்தத் தம்பிங்களுக்குத் தள்ளுனத என் கண்ணால பாத்தேன். எல்லாரு வயித்தையும் ரொப்புறேன்னு பெரும பேசிக்கிட்டுத் திரிஞ்சேன். எம் புள்ள கை குச்சியாப் போனது எனக்குத் தெரியல."

"அப்ப நான் இங்கயே இருக்கவாம்மா?"

அமலம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். புது வருடத்தில் இன்னும் இரண்டு கிராணிகளை நிறுத்தப்போவதாக அவர் ஆபீசில் பேச்சு.

"இன்னும் கொஞ்ச நாள் லா, கண்ணு" என்றாள் அமலம்மாள். பிறகு தட்டோரம் கிடந்த துண்டுகளைச் சோற்றோடு பிசைந்து, ஒவ்வொரு உருண்டையாக மகளின் உள்ளங்கையில் வைத்தாள். தட்டு காலியாகும்வரை லீனா வாங்கித் தின்றாள்.

நான்கு நாள் கழித்து, அக்கரையில் ரயில் பிடிக்க, பிறைக்குப் போகும் ரயில் பெரிப் படகில் அவர்களை ஏற்றிவிட நானும் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அமலம்மாள் அழவில்லை. சூடு ஆறாத சோற்றுப் பொட்டலத்தை மகளிடம் கொடுத்து, "ரயில்ல ஏறுனதும் சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள்.

சங்கு ஊதியது. பெரிக்கும் துறைக்கும் நடுவே தண்ணீர் அகலத் தொடங்கியது. கம்பியருகே நின்ற லீனா ரயில்வரை பொறுக்கவில்லை. பொட்டலத்தை அங்கேயே பிரித்தாள். அம்மாவுக்குத் தெரியும்படி ஒரு கவளத்தை உயர்த்திக் காட்டிவிட்டு வாயருகே கொண்டுபோனாள். துறையின் விளிம்பில் நின்றிருந்த அமலம்மாளின் வாயும், குழந்தைக்கு ஊட்டுகிறவளுடையதைப் போல, தானாகத் திறந்தது.