நாற்பத்தொரு பரவாயில்லை

வெர்னன் ஹார்ஜுவிடம் யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "பரவாயில்ல." கல்யாணத்தன்று சர்ச் வாசலில் பாதிரியார் கேட்டதற்கும் அதைத்தான் சொன்னான். அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த அன்றும் அதேதான். முப்பத்திரண்டு வருடமாக அந்த ஒரு வார்த்தையோடு குடித்தனம் நடத்துகிற அர்லீனுக்கு அதில் வகை பிரிக்கத் தெரியும். முகத்தைப் பார்த்துச் சொன்னால் நிஜமாகவே பரவாயில்லை. தரையைப் பார்த்துச் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். மிச்சிகனின் வடகோடியில் இருக்கிற அந்த ஏரிக்கரை ஊரில் பாதிப் பேர் பின்லாந்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். எல்லோரும் ஏறக்குறைய இந்த ஜாதிதான். வலிக்கிறது என்று வெளியே சொல்வது அவர்களுக்கு நடுக்கடையில் சட்டையைக் கழற்றுவது மாதிரி.

சாலை இலாகாவில் பனி தள்ளும் வண்டி ஓட்டினான் வெர்னன். இருபத்தாறு குளிர்காலம் ஓட்டியும் அவன் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அடிபட்டது சொந்த வண்டியில், பனியே இல்லாத ஒரு நவம்பர் மத்தியானத்தில். மான் வேட்டைக் காலம் தொடங்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஜலசந்தி மேலுள்ள பெரிய பாலத்துக்குத் தெற்கேயிருந்து வேட்டைக்கு வந்த வெளியூர்க்காரன் ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டே மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்து நேருக்கு நேர் மோதினான். வெர்னனுக்கு இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது, முதுகில் ஆறு திருகாணி வைத்தார்கள். மோதினவனுக்கு மூக்கில்கூட ரத்தம் வரவில்லை. பாவி!

மிச்சிகனில் கார் காப்பீடு யார் தப்பு என்று கேட்பதில்லை. எவன் மோதினாலும் அவரவர் ஆஸ்பத்திரிச் செலவை அவரவர் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். அந்த மட்டும் நல்லதுதான், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் வேலை போனால் அதற்கு ஈடாகக் கொடுப்பது மூன்று வருடம்தான். அப்புறம் மோதினவன் மேல் கேஸ் போட்டு ஜெயித்தால்தான் உண்டு. அதிலும் அவன் தப்பு என்று காட்டினால் மட்டும் போதாதாம். அடிபட்டவனின் வழக்கமான வாழ்க்கையே குலைந்துபோனது என்று காட்ட வேண்டுமாம்.

குலையாமல் என்ன? மனுஷனுக்குக் குனிந்து காலுறை போட முடியாது. காலையில் அர்லீன்தான் முட்டிபோட்டுப் போட்டுவிடுவாள். ஆனால் எட்டாம் மாசமே வேலைக்குப் போய் நின்றான் அந்த மடையன். இரண்டு குளிர்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். ஒருநாள் வண்டிப் படியில் கால் ஏறவில்லை. திரும்பி வந்து சமையலறையில் உட்கார்ந்தவன் மறுபடி போகவேயில்லை. பென்ஷனுக்கு இன்னும் ஐந்து வருடம் இருந்தது. கேஸ் ஜெயித்தால் ஏரிக்கரை வீடு தங்கும். தோற்றால் அதை விற்றுவிட்டு, தெற்கே மகள் வீட்டு நிலவறையில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டும். வீட்டோடு வெர்னன் தன் கையால் கட்டின சவ்னா என்கிற நீராவிக் குளியல் அறையும் போய்விடும்.

அவர்களுடைய வக்கீல் ரோஸன் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"மிஸ்டர் ஹார்ஜு, ஒவ்வொரு தடவையும் நர்ஸ் உங்களை எப்படி இருக்கீங்கன்னு கேட்டிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் பரவாயில்லன்னு எழுதியிருக்கு. நாப்பது தடவை! யாரு எழுதச் சொன்னது?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"இனிமேலாவது வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

அந்த வாரம் முழுக்க அர்லீன் சமையலறையில் அவனுக்குப் பாடம் எடுத்தாள்.

"எங்க, சொல்லு பாப்போம். எப்படி இருக்கே வெர்ன்?"

"இது என்னடி கூத்து?"

"சொல்லுன்னா! வாயில என்ன, கறி ரொட்டியா அடைச்சு வச்சிருக்கே?"

"வலிக்குது," என்றான், உப்பு எங்கே என்று கேட்கிற குரலில். அர்லீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். சிரித்ததில் முதுகு இழுத்துக்கொண்டு, மேஜையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நர்ஸ் டானா அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவனின் மகள். "வாங்க வெர்னன் மாமா! எப்படி இருக்கீங்க?" என்றாள். அர்லீன் அவன் முழங்கையைக் கிள்ளினாள். அவன் தரையைப் பார்த்தான்.

"பரவாயில்லம்மா. அப்பா சௌக்கியமா?"

டானா எழுதிக்கொண்டாள். அது நாற்பத்தொன்று.

கோர்ட்டில் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த ஜூரிகள் ஆறு பேர், எல்லோரும் அந்த மாவட்டத்துக்காரர்கள். மரம் வெட்டிக் கை காய்த்தவர்கள், மீன் பிடித்து விரல் மரத்தவர்கள். எதிர்க்கட்சி வக்கீல் நல்ல சிரித்த முகமாக எழுந்து வந்தான்.

"வணக்கம் மிஸ்டர் ஹார்ஜு. இன்னைக்கு எப்படி இருக்கீங்க?"

ஐயோ, வாயைத் திறக்காதே என்று அர்லீன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவாயில்ல," என்றான் வெர்னன்.

ஆறு பேரில் இரண்டு பேர் புன்னகைத்தார்கள். வக்கீல் அதற்கப்புறம் அதிகம் கேட்கவில்லை. காகிதங்களைத் தேதிவாரியாகப் படித்துக்கொண்டே போனான். நாற்பத்தொரு தேதி, நாற்பத்தொரு பரவாயில்லை. கடைசியில், "டாக்டர்கிட்ட பொய் சொன்னீங்களா, இல்ல இங்க வந்து பொய் சொல்றீங்களா?" என்று கேட்டான்.

"நான் பொய் சொல்றவன் இல்ல," என்றான் வெர்னன். அந்த ஒன்றுக்குத்தான் அவனுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் மத்தியானம் தீர்ப்பு வந்தது. அடிபட்டது நிஜம், தப்பு மோதினவன் மேல்தான், ஆனால் வழக்கமான வாழ்க்கை குலைந்ததாகத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து மளிகைக் கடையில் ஒரு பெண் அர்லீனின் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஆறு பேரில் ஒருத்தி.

"மனசு கேக்கல, அதான் வந்தேன். எங்க வீட்டுக்காரருக்கும் முதுகு போயிடுச்சு, அவரும் இப்படித்தான். ஆனா உங்க வீட்டுக்காரர் பொய் சொல்றவர் இல்லன்னு அவரைப் பாத்தாலே தெரியுதே. அவர் வாயால பரவாயில்லன்னு சொன்னதை நாங்க எப்படி நம்பாம இருக்கறது?"

அர்லீனுக்கு அவள் கன்னத்தில் அறைய வேண்டும் போலவும், அவள் தோளில் சாய்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் பால் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வாசலில் விற்பனைப் பலகை நட்டிருந்தார்கள். வெர்னன் சவ்னாவுக்குள் இருந்தான். மேல் படியில்தான் நல்ல சூடு. அவன் எப்போதும் அங்கேதான் உட்காருவான். நான்கு வருடமாக அங்கே ஏற முடியவில்லை. விருந்தாளிக் குழந்தைகளை உட்காரவைக்கிற கீழ்ப்படியில், முட்டி மேல் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தான். அர்லீன் கதவைச் சாத்திவிட்டு, அடுப்பின் சூடான கல்மேல் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். கடையில் நடந்ததைச் சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"எப்படி இருக்கு வெர்ன்?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"வலிக்குது அர்லீன்," என்றான். "மோதின நாள்லேர்ந்து ஒரு மணி நேரம்கூட விடல. ரொம்ப வலிக்குது."

அதை எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.