ஒன்றுகூட விடாமல் எழுதிய அறிக்கை

ஒரு பழைய கூரியர் உறை. அதன் பின்பக்கம் நீல பால்பாயிண்ட் பேனாவில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினொரு பெயர்கள். ஏழாவதைச் சுற்றி மட்டும் மூன்று முறை வட்டம் போட்டிருக்கும். எங்கள் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டம் அண்ணன் எழுதியது அது. வேலை முடிந்ததும் அதைக் கசக்கி எறியத்தான் போனார். நான்தான் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். எறிய விட்டிருக்கலாம்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் இருந்தது அந்த அலுவலகம். வெளிநாட்டில் படிக்கப் போகிற பிள்ளைகளின் விண்ணப்பங்களைத் தயார்செய்து அனுப்புவோம். எட்டுப் பேர்தான். பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பியிருந்த சமயம். மகளுக்குப் பத்து மாதம். மயிலாப்பூரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் அவளை விட்டுவிட்டு வருவேன். ஆறு மணிக்கு அங்கே கதவைப் பூட்டிவிடுவார்கள் என்பதால், ஐந்தரைக்குக் கிளம்ப மேடத்திடம், அதாவது உரிமையாளரிடம், அனுமதி கேட்டிருந்தேன். "கொஞ்ச நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று எனக்குச் சொல்லப்படவில்லை. தினமும் ஐந்தரைக்குக் கைப்பையை எடுக்கும்போது எதையோ திருடிக்கொண்டு போகிறவள் போல இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை, மென்பொருளைப் புதுப்பிக்கவா என்று திரை கேட்டது. மற்ற ஏழு பேரும் 'பிறகு' என்பதை அழுத்திவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். நான் மட்டும் 'சரி' என்று அழுத்தினேன். செய்யச் சொன்னதைச் செய்துவிட வேண்டும் என்ற பழக்கம். கணினி அணைந்து மீண்டும் எழுந்த பிறகு மெயிலைத் திறந்தால், கடிதங்களின் வரிசை ஒரு நொடி தெரியும். உடனே எல்லாம் மூடிக்கொள்ளும். திரும்பத் திரும்பத் திறந்தேன். திரும்பத் திரும்ப மூடிக்கொண்டது. அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டிய ஒரு மாணவியின் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள்ளே இருந்தன. "நீ என்ன பண்ணினே?" என்று மேடம் கேட்டார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. நான் என்ன செய்தேன் என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வி அன்று முழுவதும் என் காதிலேயே இருந்தது.

வடபழனியிலிருந்து பைக்கில் வந்தார் சிஸ்டம் அண்ணன். ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இன்னாம்மா, பத்து மாசக் கொயந்தைய வுட்டுட்டு வர்றப்போ அழாதவ, மெயில் தொறக்கலன்னு அழுவுறியே" என்றார். அப்போதும் அழுதுவிட்டுத்தான் வருகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே மெயிலைத் திறந்தார். மூடாமல் நின்றது. "இப்ப உள்ள யாருமே இல்லாம, வெறும் வூட்டைத் தொறந்து வெச்சிருக்கேன். இதுக்குள்ள பதினோரு குடித்தனம் கீது. அப்டேட்டுன்னு வூட்டுக்கு வெள்ளையடிச்சது எவனோ ஒருத்தனுக்கு ஆவல. யாருன்னு கண்டுக்கினா போதும்."

மெயிலோடு ஒட்டிக்கொண்டிருந்த பதினொரு துணை நிரல்களின் பெயர்களையும் உறையில் எழுதினார். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் மெயிலை மூடித் திறந்து பார்த்தார். அவசரப்படவே இல்லை. ஏழாவதைப் போட்டதும் மெயில் விழுந்தது. இன்னொரு முறை போட்டார், மறுபடியும் விழுந்தது. அவர் வட்டம் போட்ட அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. "இது என்ன அண்ணே?" என்றேன். பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். நாங்கள் எந்தக் கடிதத்தை எத்தனை மணிக்குத் திறக்கிறோம், எவ்வளவு நேரத்தில் பதில் போடுகிறோம், எப்போது எழுந்து போகிறோம் என்பதையெல்லாம் மேடத்துக்குச் சொல்லும் நிரல் அது. மேடம் சொல்லி அவரே எட்டுக் கணினிகளிலும் போட்டிருந்தார். "அஞ்சரைக்குப் போறவ நீ. அதான் சொல்றேன். தெரிஞ்சிக்கோ, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத" என்றார். அதை அகற்றினார். மாணவியின் சான்றிதழ்கள் போய்ச் சேர்ந்தன. ஐந்தரைக்குக் கிளம்பினேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என்ன நடந்தது என்று எழுதி அனுப்பும்படி மேடம் கேட்டிருந்தார். மறுநாள் காலை உறையை எதிரே வைத்துக்கொண்டு எழுதினேன். என் மீது தவறில்லை என்று நிரூபிக்க வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை. பதினொரு பெயர்களையும் வரிசையாகக் கொடுத்தேன். ஏழாவதுதான் காரணம் என்றும், அது என்ன செய்யும் என்றும் எழுதினேன். ஆதாரம் இல்லாமல் எதையும் சொல்லக் கூடாது என்று படித்தவள் அல்லவா? 'டெக்னீஷியன் விளக்கியபடி' என்று ஆங்கிலத்தில் சேர்த்தேன். இரண்டு முறை படித்துப் பார்த்து, ஒரு காற்புள்ளியைத் திருத்தி, அனுப்பினேன். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்று அண்ணன் சொன்னது எனக்கு மறந்து போகவில்லை. எனக்கு இதை எழுதுவதில் கஷ்டமான வாக்கியம் இதுதான்: நினைவிருந்தும் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து அவரை வரவழைத்தார்கள். மேடத்தின் அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. "நம்பிச் சொன்ன விஷயத்தை ஸ்டாஃப் கிட்ட போய்ச் சொல்வீங்களா?" என்ற குரல் கேட்டது. "தப்புதான் மேடம்" என்றார் அண்ணன். நான்தான் கேட்டேன் என்றோ, நான் அழுதேன் என்றோ சொல்லவில்லை. நான் எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். நாற்காலியைப் பின்னால் தள்ளினேன், அவ்வளவுதான். வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே என் மேசை அருகே நின்றார். "சூப்பரா எழுதிருக்கம்மா. ஒண்ணுகூட வுடல" என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அதன் பிறகு எங்கள் அலுவலகத்தில் அவரை அழைக்கவில்லை. கீழ்த்தளத்து அலுவலகமும் மேடத்தின் பேச்சைக் கேட்டு அவரை அழைப்பதை நிறுத்திக்கொண்டது. என் ஐந்தரை மணி அனுமதி நீடித்தது. நேர்மையானவள் என்று மேடம் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அது மட்டும்தான் அந்த அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு. சில வாரங்களில் ஏழாவது நிரலும் சரிசெய்யப்பட்டுத் திரும்பி வந்தது. அதற்குக் கீழேயே இன்னும் ஒன்றரை வருடம் வேலை செய்தேன்.

இப்போது அடையாறில் வீட்டிலிருந்தபடியே வேறொரு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். சென்ற மாதம் ஒரு நாள், புதுப்பித்த பிறகு மெயில் திறந்து திறந்து மூடிக்கொண்டது. பத்தரைக்குக் கூட்டம். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். கன்ட்ரோல் விசையை அழுத்த எனக்கே தெரியும். ஆனாலும் போனை எடுத்து அவர் எண்ணைத் தேடினேன். நான் யார் என்று சொன்னதும் "சொல்லுங்க மேடம், இன்னா பிராப்ளம்?" என்றார். பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த முறை இரண்டாவதிலேயே அகப்பட்டுவிட்டது. "அண்ணே, அன்னிக்கு நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது" என்று ஆரம்பித்தேன்.

"மெயில் ஓப்பன் ஆச்சா மேடம்?"

"ஆச்சு."

"அப்போ வெச்சிடறேன். வண்டில கீறேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் அழைத்தேன், மெயில் ஒரு சாக்கு என்று அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த எண் மூன்று வருடமாக என் போனில் இருக்கிறது. மெயில் நன்றாகத் திறந்த ஒரு நாளில்கூட நான் அவரை அழைத்ததில்லை. அவருக்கும் அது தெரியும்.