கண்டமங்கலத்தில் திரும்பிய வண்டி

திண்டிவனத்தில் சக்கரபாணி அண்ணனின் ஃபிளெக்ஸ் கடையில் பேனருக்கு ஓரம் மடித்து ஒட்டுவது என் வேலை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் அவரே கம்ப்யூட்டரில் படம் செய்வார்.

சில வருடங்களுக்கு முன் பைபாசில் ஒரு வேன் அவரை இடித்துத் தள்ளியது. முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்தில்தான் பிழைத்தார். அதிலிருந்து, ரத்தம் கொடுப்பவர்களை வாட்ஸ்அப்பில் சேர்த்துவைத்திருக்கும் ஒரு சிறிய அறக்கட்டளைக்குக் கூலி வாங்காமல் படம் செய்து தந்தார். அதை நடத்துகிறவர் விழுப்புரத்துக் கலைமதி மேடம்.

“ரத்தம் தேவைன்னு போட்டா எவனும் பாக்கறதில்லீங்க. ஆளோட கதைய சொல்லணும். மனசு கலங்கினாத்தான் ஷேர் பண்றாங்க,” என்று மேடம் போனில் குறைப்படுவார்.

“நம்ம ஜனம் எதுக்குக் கலங்கும்னு எனக்குத் தெரியும் மேடம்,” என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பி, “மஞ்ச நீராட்டு பேனர எவனாவது நின்னு படிக்கிறானா? அஞ்சலி போஸ்டர்னா பைக்க ஓரங்கட்டி, வயசு எத்தினின்னு பாத்துட்டுத்தான் போறான்,” என்று சிரித்தார். உண்மைதான். நானும் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் காலை, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துச் சங்கவிக்கு விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். ரத்த வங்கியில் இருந்ததை ஏற்றியாயிற்று; இன்னும் வேண்டும். குவைத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த, அதே வகை ரத்தமுள்ள கோட்டக்குப்பம் இர்பானை மேடம் போனில் பிடித்தார். “இதோ கிளம்பிட்டேங்க்கா,” என்றார் அவர். ஒருவர் போதாதென்று, சங்கவியின் கணவர் பூவரசனிடம் கல்யாணப் படத்தை வாங்கி அண்ணனுக்கு அனுப்பினார் மேடம்.

அண்ணன் அதைக் கறுப்பு வெள்ளையாக்கினார். வட்டத்துக்குள் முகம், கீழே குத்துவிளக்கு. ‘பிள்ளை முகம் பார்க்காத தாய்’ என்று பெரிய எழுத்து. ரத்த வகையும் வார்டும் அடியில், சின்ன எழுத்தில்.

படம் பறந்தது. “பாத்தியா, நாம போட்டதுல எதுவும் இந்த மாதிரி ஓடல,” என்றவர், கீழே வந்தவற்றைப் படிக்கத் தொடங்கினார். கும்பிடும் கைகள். ‘ஆழ்ந்த இரங்கல்.’ ‘குழந்தைக்குக் கடவுள் துணை.’ அடியிலிருந்ததை யாரும் படிக்கவில்லை.

“அய்யோ, இன்னா பண்ணி வச்சிட்டேன்!” என்று அழித்தார். தான் அனுப்பியதைத்தான் அவரால் அழிக்க முடிந்தது. மற்றவர்கள் அனுப்பியது போய்க்கொண்டே இருந்தது.

அந்த நேரம் இர்பான் கண்டமங்கலத்தில் டீக்கு நிறுத்தியிருக்கிறார். படத்தைப் பார்த்திருக்கிறார். சாவு விழுந்த வீட்டைப் போனில் தொந்தரவு செய்யக்கூடாது என்று, யாரையும் கேட்காமலே வண்டியைத் திருப்பிவிட்டார். ஓட்டும்போது போனைத் தொடமாட்டாராம். மேடம் திரும்பத் திரும்ப அடித்து, அவர் எடுத்தபோது கோட்டக்குப்பத்தில் தன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டிருந்தார்.

“உயிரோட இருக்குதாக்கா அந்தப் பொண்ணு?” என்று கேட்டவர், இறங்காமலே மறுபடி கிளம்பினார்.

அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினார். அவரைத் தனியாக விட மனமில்லாமல் நானும் ஏறினேன். வார்டு வாசலில் பூவரசன் குழந்தையின் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

“எங்க மாமா ஊர்லேர்ந்து மாலையோட கிளம்பிட்டாருண்ணா. வராதீங்கன்னு சொல்லிக்கினு இருக்கேன், கேக்க மாட்றாரு,” என்றார்.

உள்ளேயிருந்து நர்ஸ் அவரைக் கூப்பிட்டார். உள்ளே போன பூவரசன் போட்ட சத்தத்தில் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

இர்பான் ஹெல்மெட்டைக் கழற்றாமல், சட்டைக் கையை மடக்கிக்கொண்டே ஓடி வந்தார். அண்ணன்தான் எதிரே போனார்.

“போயிடுச்சு தம்பி.”

“எப்பண்ணா?”

“இப்பதான். நீ படத்தப் பாத்தப்ப உயிரோடதான் இருந்துச்சு. அத செஞ்சது நான்.”

இர்பான் திட்டவில்லை. “பாதி தூரம் வந்துட்டேண்ணா,” என்று மட்டும் சொன்னார். பிறகு சுவரோரம் உட்கார்ந்தார்.

அந்தப் படத்தால் குழுவில் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று பிற்பாடு மேடம் சொன்னார். “விளக்கு மட்டும் வேணாம். மத்தபடி அதே மாதிரி பண்ணுங்க,” என்றார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது கலர் படம்தான். மேலே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக, ‘உயிரோடு இருக்கிறார்’ என்று போடுகிறார். அதை யாரும் அவ்வளவாக அனுப்புவதில்லை. பேனர் வேலையை ஓரமாக வைத்துவிட்டு, குழுவில் உள்ளவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுகிறார். பலர் எடுப்பதில்லை.