நன்றியுரை என் பொறுப்பில்

மொன்றியலில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டை வீட்டுக்காரர் "மூன்றரை" என்று சொல்லித் தந்தார். அறைகளை எண்ணிவிட்டுக் குளியலறையை அரை என்று சேர்ப்பது இந்த ஊர் வழக்கம். எங்களுடையதில் குளியலறையைவிடப் படுக்கையறைதான் அதிக ஈரம். பார்க் எக்ஸ்டென்ஷனில், ரயில் பாதை வேலிக்குப் பக்கத்துத் தெருவில், பழைய மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளம் அது. பாதி வீடு நிலத்துக்குள் இருந்தது. படுக்கையறைச் சுவரில் கட்டில் உயரத்துக்குப் பூஞ்சணம் கறுப்பாக ஏறியிருந்தது. வெளுப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தால் ஒரு கிழமைக்கு மறையும். பிறகு முன்பைவிட அகலமாக வரும்.

அந்த அறையில்தான் மகள் படுத்தாள். அவளுக்கு நான்கு வயது, இழுப்பு நோய். ஒரு வசனத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இடையில் நின்று மூச்சு வாங்குவாள். கிளினிக் டாக்டர் மருந்து எழுதித் தந்துவிட்டு, அறை காயாமல் இந்த மருந்தால் பெரிய பலன் இல்லை என்று நேராகவே சொன்னார். அதற்குப் பிறகு அந்தச் சுவரைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு எரியும்.

வீட்டுக்காரரிடம் சொன்னோம். நீங்கள் எந்த நேரமும் சோறு அவிக்கிறீர்கள், அந்த ஆவிதான் சுவரில் படிகிறது, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். அப்போது வெளியே பனி முழங்காலுக்கு நின்றது. சோற்றை அவிக்காமல் அரிசியை வறுத்தா தின்பது என்று நான் தமிழில் கேட்டேன். என் கணவர் அதை மொழிபெயர்க்கவில்லை. அவர் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றும் வேலை செய்தார். வீட்டுக்காரரோடு சண்டை பிடித்துவிட்டு வேறு வீடு தேடும் தெம்பு அவருக்கு இல்லை. தேடாமலும் இல்லை. எங்கள் அகதிக் கோரிக்கைக் கடதாசியைப் பார்த்ததும், அந்த வீடு நேற்றே போய்விட்டது என்று சொல்லாத வீட்டுக்காரர் குறைவு.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். தமிழ்க்கடையில் பொருள் வாங்கியதற்குக் கொடுத்த முருகன் கலண்டரை அந்தக் கறுப்புக்கு மேல் மாட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனாலும் வருகிறவர்கள் கண்ணில் படாது என்று ஓர் ஆறுதல்.

நகரசபைக் கூட்டத்தைப் பற்றி எனக்குச் சொன்னவர் கிளினிக் தாதி. நகரசபை ஆட்கள் எங்கள் பகுதிக்கு வந்து, ஒவ்வொரு சமூகத்தாரையும் கூப்பிட்டு, வீடுகள் எப்படி இருக்கின்றன, இந்தப் பகுதிக்கு என்ன தேவை என்று கேட்கிறார்கள். சனங்கள் சொல்வதை வைத்துத்தான் எந்தெந்தத் தெருக்களுக்கு முதலில் பரிசோதகர்களை அனுப்புவது என்று முடிவெடுப்பார்கள். பரிசோதகர் வந்து எழுதிவிட்டால் வீட்டுக்காரர் திருத்தித்தான் ஆகவேண்டும். "நீங்கள் வாய் திறக்காவிட்டால் உங்கள் தெரு அவர்களுக்குத் தெரியாது," என்றார் தாதி. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம்மூரில் சொல்வதைத்தான் அவர் பிரெஞ்சுக்காரியாக இருந்துகொண்டு சொன்னார்.

தமிழர்களுடைய கூட்டத்தை ஒழுங்கு செய்யும் பொறுப்பு எங்கள் சங்கத் தலைவரிடம் வந்தது. நல்ல மனிதர். ஊரில் கிளாக்கராக இருந்தவர், இங்கே ஒரு ஹொட்டேலில் கோப்பை கழுவினார். விமான நிலையத்திலிருந்து வருகிற யாருக்கும் முதல் நேரச் சாப்பாடு அவர் வீட்டில்தான். ஆயத்தக் கூட்டமும் அவர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. அந்தக் கூடத்தில் நான் எப்போதும் கவனித்த ஒன்று கலண்டர்கள். முருகன், லட்சுமி, ஒரு வங்கிக் கலண்டர், சீனக்கடைக் கலண்டர், பக்கத்துத் தெருக் கிரேக்கத் தேவாலயத்தின் கலண்டர். விபூதி பூசாமல் வெளியே இறங்காத மனிதர், கிரேக்கப் புனிதர்களையும் மாட்டி வைத்திருக்கிறாரே, எம்மதமும் சம்மதம் என்கிற பெரிய மனசு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆயத்தக் கூட்டத்தில் நான் என் சுவரைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்றேன். தலைவர் முகம் சுருங்கிவிட்டது.

"வந்த இடத்திலை குறை சொல்லக்கூடாது, ரீச்சர்," என்றார். "அவங்கள் எங்களுக்கு இருக்க இடம் தந்திருக்கிறாங்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யிற மாதிரி ஆகிவிடும். எங்கட கேஸுகளும் இன்னும் முடியேல்லை."

மற்றவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். வீட்டுக்கும் அகதிக் கேஸுக்கும் சம்பந்தமில்லை, இது நகரசபை, அது வேறு அரசாங்கம் என்று நான் விளக்கினேன். எல்லாம் ஒரே கொடியின் கீழ்தானே என்று ஒருவர் கேட்டார். பயம் எனக்கும் இருந்தது, அதை மறைப்பானேன்? பிறகு நிகழ்ச்சி நிரல் போட்டார்கள். ஊரில் ஆங்கில ரீச்சராக இருந்தவள் என்பதால் நன்றியுரை என் பொறுப்பில் வந்தது. கடைசி ஐந்து நிமிடம், யாருக்கும் நோகாத வேலை.

கூட்டம் தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்தில், ஒரு ஞாயிறு பிற்பகல். நகரசபையிலிருந்து நடுவயதுப் பெண் அதிகாரி ஒருவரும், உதவிக்கு ஒருவரும் வந்தார்கள். எங்கள் பகுதியின் பெரிய வரைபடத்தைக் கொண்டுவந்து மேடையில் நிறுத்தினார்கள். எந்தத் தெருவில் என்ன குறை என்று சனங்கள் வந்து அதில் நிற ஊசி குத்த வேண்டும், அதுதான் அவர்கள் முறை. ஆனால் வரைபடம் எங்கள் "நல்வரவு" பதாகையை மறைத்தது. எங்கள் ஆட்கள் மரியாதையாக வரைபடத்தைத் தூக்கி, மூலையிலிருந்த பியானோவுக்குப் பக்கத்தில் சாத்தினார்கள்.

பிறகு நடந்தது விழா. குத்துவிளக்கு ஏற்றினார்கள். தேவாரம் பாடினார்கள். மௌன அஞ்சலி செலுத்தினார்கள். வரவேற்புரை, அதன்பின் தலைமையுரை. கார்னேஷன் பூக்களைத் தையல் தொழிற்சாலை நூலில் பெண்கள் கட்டிய மாலையை அதிகாரிக்குப் போட்டார்கள். அவர் சிவந்துபோய் நன்றி சொன்னார். சிறுமிகள் நடனமாடினார்கள். தலைவர் தன் உரையில் கனடாவைத் தாய்க்கும் மேலாகப் புகழ்ந்தார். எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லி, பிரெஞ்சில் "மெர்ஸி" என்று முடித்தார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

அதிகாரிக்குப் பேசக் கிடைத்த நேரம் கொஞ்சம். மாலையோடு எழுந்து நின்று, உங்கள் வீடுகளில் ஏதாவது பிரச்சினை உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சூடு வருகிறதா, எலி உண்டா, ஈரம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்த முகத்தோடு இல்லை இல்லை என்றார்கள். கனடாவில் எலியா என்று ஆச்சரியம் காட்டியவர் வீட்டில் எலிப்பொறி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். உதவியாளர் பியானோவுக்குப் பக்கத்தில் போய், ஓர் ஊசியும் குத்தப்படாத வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

அந்த நேரம் எனக்கு வந்தது கோபம் மட்டுமில்லை, பயமும்தான். மகள் பின்வரிசையில் தகப்பன் மடியில் இருந்தாள். மற்றப் பிள்ளைகள் கதிரைகளுக்கு இடையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் ஓடவில்லை. ஓடினால் இழுக்கும் என்று அவளுக்கே தெரியும். அந்த வரைபடம் சுருண்டு வாசல் தாண்டிவிட்டால் இன்னொரு குளிர்காலமும் அவள் அந்தச் சுவரோடுதான் படுக்க வேண்டும்.

தலைவர் ஒலிவாங்கியில், அடுத்து நன்றியுரை என்றார்.

நான் மேடைக்குப் போனேன். எழுதிவைத்திருந்தபடி ஆங்கிலத்தில் தொடங்கினேன். மண்டபம் தந்த தேவாலயத்தாருக்கு நன்றி, மாலை கட்டியவர்களுக்கு நன்றி, வடை சுட்டவர்களுக்கு நன்றி. எல்லாம் முடிந்தும் இறங்க மனம் வரவில்லை. குறை சொல்லக்கூடாது என்றுதானே கட்டளை? விருந்தினரை வீட்டுக்கு அழைப்பதற்கு எந்தத் தலைவரும் தடை போட முடியாது.

"இன்னுமொரு நன்றி," என்றேன். "எங்கள் பிரதம விருந்தினர் இப்போது என் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வரப்போகிறார். அதற்கு முன்கூட்டியே நன்றி. வீடு அடுத்த தெருவில்தான். என் மகள் படுக்கும் அறையை அவர் பார்க்க வேண்டும். அந்த அறை ஈரம், அவளால் மூச்சு விட முடியவில்லை."

யாரும் கைதட்டவில்லை. தலைவர் காலடியில் கிடந்த ஒலிவாங்கி வயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி உதவியாளரிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். உதவியாளர் சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தன் கோட்டை எடுத்தார்.

தெருவில் நாங்கள் போன கோலம் பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும். கோட்டுக்கு மேல் மாலையோடு அதிகாரி, வரைபடத்தோடு உதவியாளர், பட்டுச்சேலைக்கு மேல் ஆண்பிள்ளைக் கோட்டுப் போட்ட நான், மகளைத் தூக்கிக்கொண்டு என் கணவர். தெப்பனர் என்று இங்கே சொல்லும் தெருமூலைச் சில்லறைக் கடை வாசலில் பியர் போத்தலோடு நின்றவர், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். கழற்றினால் எங்களுக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தாரோ என்னவோ, அந்த அதிகாரி கடைசி வரை மாலையைக் கழற்றவில்லை.

வீட்டில் நான் அறைக்குள் போய் முருகன் கலண்டரைக் கழற்றினேன். அதிகாரி குனிந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார். கையை எடுத்தபோது ஈரமாக இருந்தது. சோற்று ஆவி என்று வீட்டுக்காரர் சொல்கிறார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எத்தனை காலமாக இப்படி என்று கேட்டார். பிறகு கட்டிலில் வரைபடத்தை விரித்து, மகளின் கையில் ஒரு சிவப்பு ஊசியைக் கொடுத்து, எங்கள் தெருவைக் காட்டினார். அவள் பலமாகக் குத்தினாள். மெத்தையிலும் ஓட்டை விழுந்தது.

அந்த ஊசியால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இளவேனிலில் பரிசோதகர் வந்தார். வீட்டுக்காரர் எங்களோடு கதைப்பதை நிறுத்தினார், ஆனால் சுவரை வெளிப்பக்கமாகத் தோண்டி, உடைந்திருந்த குழாயை மாற்றி, உள்ளே புதிதாகப் பூசிக் கொடுத்தார். மகளுக்கு இழுப்பு முற்றாக விடவில்லை. ஆனால் அடுத்த குளிர்காலத்தில் அவள் மற்றப் பிள்ளைகளோடு பனியில் ஓடினாள். நான் ஜன்னலில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான். எங்கள் அகதிக் கேஸில் யாரும் சுவரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அதோடு முடியவில்லை. அதிகாரி தேநீர் குடித்துவிட்டு வெளியே வந்தபோது, எங்கள் கட்டடத்தின் வெளி இரும்புப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் தலைவர் நின்றார். கோட்டுப் போடாமல், மேடையில் நின்ற வேட்டி சட்டையோடு அந்தக் குளிரில் நின்றார். எல்லோருக்கும் முன்னால் திட்டப்போகிறார் என்று நினைத்து நானும் பதிலை ஆயத்தப்படுத்திக்கொண்டேன். உபசரிக்கத் தெரிந்த அளவுக்குச் சண்டை பிடிக்கவும் எனக்குத் தெரியும்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார். "ரீச்சர், அவவை எங்கட வீட்டையும் ஒருக்கா வரச்சொல்லிக் கேளுங்கோவன்."

கேட்டேன். அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு வாறன் என்பதுபோல் தலையாட்டினார். தலைவர் வீட்டுக் கூடத்தில் நாங்கள் எல்லோரும் கோட்டோடு நின்றோம். உபசாரம் இல்லாமல், உட்காரச் சொல்லாமல், அவர் கதிரையை இழுத்துப் போட்டு ஏறினார். முதலில் முருகனைக் கழற்றினார். பிறகு லட்சுமி, வங்கி, சீனக்கடை. ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் சுருட்டி என் கையில் தந்தார். கடைசியாகக் கிரேக்கப் புனிதர்களை எடுத்தபோது காற்று உள்ளே வந்தது. சுவர்ப்பூச்சு பெரிய துண்டாக விழுந்து, சுவரே ஓட்டையாகியிருந்தது. அந்த ஓட்டைக்குள் பழைய துணிகளையும் ஒரு பிள்ளையின் சுவெற்றரையும் அடைத்து வைத்திருந்தார்கள்.

எத்தனை நாள் அந்தக் கூடத்தில் இருந்து சாப்பிட்டிருக்கிறேன். அவருடைய பெரிய மனசு என்று நான் மெச்சிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். வேறு ஏதும் உண்டா என்று அவர் கேட்டதை, நின்ற எல்லோருக்கும் விளங்க நான் தமிழில் சொன்னேன். தலைவர் கதிரையை விட்டு இறங்கி, பழக்கத்தில், இல்லை என்று தலையசைத்தார்.

அவருடைய மனைவி அதுவரை குசினி வாசலில் நின்றார். அவர் கணவரைப் பார்த்துச் சொன்னார். "உள் அறையிலையும் ஒண்டு இருக்கெல்லோ. அதையும் கழட்டிக் காட்டுங்கோ."

தலைவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனார்.