சூன் கட்டிய சீட்டு

என் மச்சினன் மின்விசிறி ரிப்பேர் பார்ப்பவன். வேலையில் குறை சொல்ல முடியாது, வாய்தான் சரியில்லை. எப்போது கிடைக்கும் என்று யார் கேட்டாலும் "சூன்" என்பான், சீக்கிரம் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷில் அவனுக்கு மிச்சமானது அது ஒன்றுதான். ரிப்பேருக்கு வரும் சாமானில் கட்டுகிற சீட்டிலும் ஆள் பேர் எழுத மாட்டான், அதையே எழுதுவான். நாற்பது வயதில் கல்யாணம் எப்போது என்றாலும் அதே பதில்.

எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் டீச்சரின் விசிறி கடைக்கு வந்தது, இவன் மனசு அவர் பின்னால் போயிற்று. என் மனைவி போய்த் தம்பிக்காகக் கல்யாணப் பேச்செடுத்தாள். பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். பதினோராம் நாள் டீச்சரே கடைக்கு வந்தார். பக்கத்துப் பட்டறையில் நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என் ஃபேன் என்னாச்சு?"

"சூன், டீச்சர்."

"அந்த வார்த்தைக்கு முதல்ல என்ன அர்த்தம் தெரியுமா? ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி 'சோனா'ன்னு இருந்துச்சு. இந்த நிமிஷமேன்னு அர்த்தம். சொன்னவங்க யாரும் உடனே செய்யல. சொல்லிச் சொல்லியே அது 'கொஞ்சம் கழிச்சு'ன்னு ஆயிடுச்சு. நல்லா இருந்த வார்த்தைய உங்கள மாதிரி ஆளுங்கதான் கெடுத்தீங்க."

"நான் இருபது வருஷமாத்தான் கெடுக்கறேன் டீச்சர். பாக்கிக்கு நான் பொறுப்பில்ல."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உங்க அக்கா கேட்டதுக்கு, ஃபேன் சுத்தினப்புறம் பதில் சொல்றேன்."

ஒரே மணி நேரத்தில் வேலையை முடித்தான். டீச்சர் வீட்டில் நான் ஏணி பிடித்தேன், மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் விசிறி வெறி பிடித்தது போல ஆடியது. கூரைச் சுண்ணாம்பு டீச்சர் தலையில் கொட்டியது. ஒரு விசிறியின் மூன்று இறக்கையும் ஒரே எடையாக இருக்க வேண்டும். இவன் மாட்டியதில் ஒன்று வேறு யாருடையதோ.

"யாரு ஃபேனோட இறக்கைடா இது?"

"சீட்டப் பாத்துதான் எடுத்தேன் மாமா."

"எல்லாச் சீட்டுலயும் ஒரே எழவத்தானடா எழுதி வச்சிருக்க!"

அவன் முகம் செத்துப்போயிற்று. இறக்கைகளைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடினான். குவிந்து கிடந்த இறக்கைகளை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்து, ஜோடி கண்டுபிடித்துக்கொண்டு திரும்பினான். மாட்டியதும் விசிறி சத்தமே இல்லாமல் சுற்றியது.

டீச்சர் தலையைத் தட்டிக்கொண்டு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "சரி, எனக்குச் சம்மதம். ஆனா இனிமே சீட்டுல ஆள் பேரு இருக்கணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப கல்யாணம் எப்ப மாப்ள?"

பழக்க தோஷம், வாயைத் திறந்தான். டீச்சர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"வர்ற பதினெட்டாம் தேதி, மாமா."

"என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் டீச்சர், தலையிலிருந்த சுண்ணாம்பை உதறிக்கொண்டே.