டிரெய்லர் பிரேக்கும் துக்க ஊர்வலமும்

காட்டாக்கடையிலிருந்து மரத்தடிகள் ஏற்றிப் பாறசாலைக்குக் கொண்டுவருவது செல்லையனின் வேலை. லாரிக்குப் பின்னால் ஒரு டிரெய்லர். அதற்குப் பிரேக் தனி. தடிகளுக்குப் பின்னால் ஒரு ஆள் இரும்புச் சக்கரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னால் ரோடு அவன் கண்ணுக்குத் தெரியாது. நீளமாக ஒரு ஹாரன் கேட்டால் சக்கரத்தை முறுக்குவான். சின்னதாக இரண்டு கேட்டால் தளர்த்துவான். இறக்கத்தில் டிரெய்லர் பிரேக்தான் முதலில் பிடிக்க வேண்டும். லாரி முந்திக்கொண்டு நின்றால் பின்னாலுள்ள பாரம் சும்மா இருக்குமா? உந்தித் தள்ளி லாரியையே மடக்கிப் போட்டுவிடும்.

பிரேக் பிடித்தவன் சுந்தரதாஸ். செல்லையனின் தங்கை புஷ்பபாயின் கணவன். "வீட்டில புஷ்பம் சத்தம் போட்டா கேக்க மாட்டேன். மச்சான் ஹாரன் அடிச்சா கேப்பேனாக்கும்" என்று அவளைச் சீண்டுவான்.

மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த காலம். துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்த பிறகு எங்கு பார்த்தாலும் கறுப்புக் கொடி. செல்லையனும் சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தான். துக்க ஊர்வலத்துக்கு முன்னால் ஹாரன் அடித்தவனை ஜனங்கள் காறித் துப்பினார்கள்.

பாறசாலைக்கு முன்னால் ஒரு இறக்கம். வளைவு திரும்பியதும் எதிரே மௌன ஊர்வலம். செல்லையனின் கை ஹாரனுக்குப் போனது. போன கை திரும்பி வந்துவிட்டது. மெதுவாகத்தானே போகிறோம், லாரி பிரேக்கே போதும் என்று காலை அழுத்தினான் பாவி. பின்னாலிருந்து தடிப்பாரம் உந்தியது. லாரி ஊர்வலத்துப் பக்கம் இழுத்தது. ஸ்டியரிங்கை மறுபக்கம் ஒடித்து மண்திட்டில் கொண்டுபோய் இடித்தான். ஊர்வலத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. டிரெய்லர் கவிழ்ந்து, தடிகளுக்கு அடியில் சுந்தரதாஸ் கிடந்தான்.

அடக்கம் முடிந்து புஷ்பபாய் கேட்டது ஒன்றுதான்.

"ஹாரன் அடிச்சியா அண்ணா?"

"அடிச்சேன் மக்கா. பிரேக் பிடிக்கல்ல."

வாயில்லாத இரும்பின் மேல் பழியைப் போட்டுவிட்டான். அவள் நம்பினாள். பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கே வந்தாள். அவள் கஞ்சி ஊற்றித் தரும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்காமலே குடித்தான். உண்மை தெரிந்தால் இந்தத் தங்கையும் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்த கையோடு ராஜையா துக்கம் விசாரிக்க வந்தார். அன்றைக்கு ஊர்வலத்தின் முன்னால் கொடி பிடித்தவர். நல்ல மனுஷர், ஆறுதல் சொல்லித்தான் வந்தார்.

"உனக்க அண்ணன் தங்கமான ஆளாக்கும், புஷ்பம். செத்தவங்களுக்க மரியாதைக்கு ஒரு ஹாரன்கூட அடிக்கல்ல. நாங்க எல்லாரும் பாத்தோமே."

செல்லையன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கமான பிள்ளை என்று நினைத்து, ராஜையா அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

புஷ்பபாய் அழவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செத்தவங்களுக்கு மரியாதை குடுத்தே, செரி. பின்னால உயிரோட ஒருத்தன் இருந்தான்லா, அண்ணா?"

அவள் உள்ளே போய்ப் பிள்ளைகளின் துணிகளை எடுத்து மூட்டை கட்டத் தொடங்கினாள்.